வேறொருவர் பெயரில் வந்த மாத்திரை

ரபியாப் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒழுங்கு என்று பொருள். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர். அதற்கு ஏற்றபடி தன்னைச் சுற்றி ஒரு காரியமும் இதுவரை நடந்ததில்லை என்பது ரபியாப் அக்காவின் தீராத புகார். கோன்கேன் நகரில் எங்கள் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் அவருடைய மேசைக்கு எதிர் அறை என்னுடையது. எனவே அந்தப் புகாரை என்னைவிட அதிகம் கேட்டவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் அக்காவின் கணவர்.

நான் திசு பார்க்கிறவன். பித்தநாளத்தில் புற்றுநோய் வந்தவர்களின் ஈரலை அறுவை மருத்துவர் வெட்டி எடுத்து அனுப்புவார். அதை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்போம். சில புரதங்கள் இருக்கின்றன. அவை அதிகம் இருந்தால் சீவல் பழுப்பாகும். எங்கள் ஆய்வில் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு புரதத்துக்குத்தான் மரியாதை. பழுப்பு அடர்த்தியாக இருந்தால் நோய் சீக்கிரம் திரும்பும், வெளுத்திருந்தால் கொஞ்சம் பொறுமை காட்டும் என்பது எங்கள் கணிப்பு.

கேட்பதற்கு ஆரூடம் போல இருக்கும். ஆனால் ஒரு நிறம் நல்ல நிறமா கெட்ட நிறமா என்று அந்த நிறத்தையே உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஈரலுக்குச் சொந்தக்காரர் அதன் பிறகு எவ்வளவு காலம் இருந்தார் என்று யாராவது வந்து சொல்ல வேண்டும். முடிவு தெரிந்த ஆட்களை வைத்துக்கொண்டுதான் முடிவு தெரியாத ஆட்களுக்கு நாங்கள் முன்கூட்டிச் சொல்கிறோம். முடிவைத் தெரிந்துகொண்டு வந்து கொடுப்பது ரபியாப் அக்காவின் வேலை. தொலைபேசியில்.

அக்கா தட்டச்சு செய்யத் தற்காலிகமாகச் சேர்ந்தவர். முன்பு இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த நர்ஸ் ஒரு விதவையிடம் "உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரா, இல்லையா?" என்று நேராகக் கேட்டு, அந்த அம்மாள் பேருந்து ஏறி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுத பிறகு, தொலைபேசி அக்காவின் மேசைக்கு மாறியது. அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போனால் உடம்பு எப்படி என்று கேட்பதில்லை, சோறு ருசிக்குதா என்றுதான் கேட்போம். அவரும் அதையே கேட்டார். "மாமாவுக்குச் சோறு ருசிக்குதா?" ருசிக்குது என்று பதில் வந்தால் ஆள் இருக்கிறார். ஒரு வாய்தான் இறங்குது என்றால் நோய் திரும்பியிருக்கிறது. மறுமுனையில் பேச்சே இல்லையென்றால், அக்கா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, எந்தக் கோயிலில் காரியம் நடந்தது என்று கேட்பார். இவ்வளவு நாகரிகமான முறையை எங்கள் பேராசிரியர்களில் ஒருவரும் யோசித்திருக்க மாட்டார். கூட்டங்களில் அதற்குத் தொடர் கண்காணிப்பு என்று பெயர் சொல்லிப் படம் காட்டினார்கள்.

சிக்கல் பெயர்களில் இருந்தது. மருத்துவமனையில் பதிந்த பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் தவளை, முட்டை, கறுப்பன் என்ற வகைப் பெயர்கள். ஒரு தடவை அக்கா ஒலிபெருக்கியில் போட்டுப் பேசியது எனக்கே கேட்டது.

"வொரவுத்துன்னு இங்க யாருமே இல்லக்கா."

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "டேய், அது நான்தான்டா."

இது பரவாயில்லை. இதற்கு மேலே ஒன்று இருந்தது. நோய் வந்தால் எங்கள் மக்கள் பெயரை மாற்றிக்கொள்வார்கள். பிறந்த கிழமைக்கு ஆகாத எழுத்து பெயரில் உட்கார்ந்திருக்கிறது என்று பிக்கு சொல்வார். மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் புதுப் பெயரோடு புது அடையாள அட்டை வாங்குவார்கள். அட்டை மாறும்போது கைபேசி எண்ணும் ஏனோ மாறும். அறுபது வயது உழவர்கள் எல்லாம் தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகன் பெயரோடு திரிவார்கள். மூன்று முறை பெயர் மாற்றிய ஒருவரைத் தேடி அக்கா ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்திருக்கிறார். கடைசியில் கிடைத்தவரிடம், "உனக்கு நோய் வந்ததா, இல்ல போலீஸ் தேடுதா?" என்று கேட்டாராம்.

அக்காவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஈரலைப் படம் பிடிக்கும் குழுவோடு ஊர் ஊராகப் போய், கோயில் மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசுவது. இரண்டே உபதேசங்கள். முதல் உபதேசம், பச்சை மீன் தின்னாதீர்கள். எங்கள் ஆற்றின் பெயர் சீ. அக்காவுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் அதை ஆற்றின் பெயராக இல்லாமல் மனசாரவே தினம் பத்துத் தடவை சொல்லியிருப்பார். அந்த ஆற்று மீனைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, வறுத்த அரிசிப் பொடியும் மிளகாயும் புதினாவும் போட்டுப் பிசைந்தால் கோய் பிளா. மீனில் இருக்கும் புழு ஈரலில் போய்க் குடியேறும், வருடக்கணக்கில் இருந்து பித்தநாளத்தைப் புண்ணாக்கும், பிறகு எங்கள் சாய மேசைக்கு வேலை வரும். இதையெல்லாம் அக்கா படம் போட்டு விளக்குவார். ஆண்கள் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு தலையாட்டுவார்கள். எலுமிச்சை பட்டதும் மீன் வெளுத்துவிடுகிறதே, வெந்துவிட்டதாகத்தானே அர்த்தம் என்பார்கள். எங்கள் மொழியில் வெந்தாலும் சுக், பழுத்தாலும் சுக், மனம் நிறைந்தாலும் உச்சரிப்பு சுக்தான். மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்று அக்கா சண்டை போட்டுக் கேட்பார். மூன்றும்தான் என்பார்கள்.

இரண்டாவது உபதேசம், அடுத்தவர் பெயர் எழுதிய மாத்திரையைத் தின்னாதீர்கள். எங்கள் வீடுகளில் மருந்துப் பை ஒரு ஆணியில் தொங்கும். அப்பாவின் சர்க்கரை மாத்திரை மகளுக்குத் தலைவலி என்றால் அவளுக்கும் போகும். அக்கா மைக்கில் மன்றாடுவார். உறையில் இருக்கும் பெயர் உன் பெயரா என்று பார், இல்லையென்றால் தொடாதே.

முதல் உபதேசத்தை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவதை ஒரே ஒருவர் கேட்டார். அதுதான் வினை.

அவர் கம்சிங். அக்காவின் கணவர். ஊரில் குண்டன் என்று கூப்பிடுவார்கள். கொஞ்சம் நெல் வயல், ஒரு மீன் குளம், ஓயாத வாய். மனைவியை மைக் என்றுதான் அழைப்பார், வீட்டிலும். சீ ஆற்றங்கரையில் நாலு ஊருக்குள் கோய் பிளாவில் அவருக்கு இணையான கை கிடையாது என்று பேச்சு. வீட்டில் வேகவைத்த மீனை நல்ல பிள்ளையாகச் சாப்பிடுவார். வயல் குடிசையில் நண்பர்களோடு கொத்துவார். இது மைக்குக்கு மட்டும் தெரியாது என்று ஊர் நம்பியது. தெரியாதது போல அக்கா இருந்தார் என்று நான் நினைக்கிறேன். கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

போன மாசி வாக்கில் அவர்கள் ஊருக்கே குழு போயிற்று. மண்டபத்தில் ஆண்கள் ஒருவரையொருவர் முன்னே தள்ளிக்கொண்டு நின்றார்கள், யாரும் படுக்கவில்லை. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. கூட்டத்திலிருந்து கணவரைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் படுக்கவைத்து, மைக்கில் நேரடி வர்ணனை தொடங்கினார். சட்டையைத் தூக்குகிறார், பசை தடவுகிறார்கள், பாருங்கள், வலிக்கிறதா, ஒன்றும் இல்லை. கம்சிங் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். கருவியை வைத்திருந்த இளம் மருத்துவரின் கை வலது விலா எலும்புக்குக் கீழே போய் நின்றது. கொஞ்சம் பின்னே வந்து மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"ஏன் டாக்டர் நிறுத்திட்டீங்க?"

மைக் அணைக்கப்படவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. அன்று மிச்சம் இருந்த ஆண்கள் எல்லாரும் சத்தமில்லாமல் வரிசையில் வந்து படுத்தார்கள். அக்காவின் வாழ்க்கையில் மிக வெற்றிகரமான முகாம் அதுதான் என்று பிறகு அறிக்கையில் எழுதினார்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்ததால் அறுக்க முடிந்தது. ஈரலில் பெரும்பங்கை எடுத்தார்கள். சீவல் எங்கள் மேசைக்கு வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அடர்த்தியை ஒன்று, இரண்டு, மூன்று என்று மதிப்பிடுவோம். நான் இரண்டு என்றேன், சக மருத்துவர் மூன்று என்றார். ஒரே கறை, இரண்டு பேர், இரண்டு ஆயுள். எங்கள் துறை கடுமையான அறிவியல் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. மூன்றாமவரைக் கூப்பிட்டோம். அவர் மூன்று என்றார். அப்படியே முடிந்தது. யாருடையது என்று மறுவாரம் தெரிந்தது.

ஆய்வின் விதிப்படி, அடர்த்தி மூன்று என்றால் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். அறுவைப் புண் ஆறியதும் தொடங்கிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பயன் குறையும். அறுவை மருத்துவர் உழவர் வீட்டுப் பிள்ளை. ரபியாப் அக்காவிடம், நடவு முடிவதற்குள் முதல் மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அப்போது மழை இன்னும் வரவில்லை. நிறைய நேரம் இருப்பதாகத் தெரிந்தது.

அதற்குள் கம்சிங்கின் அண்ணன் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டார். பிக்கு கணக்குப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவனுக்கு ச வரிசையும் ஹ வரிசையும் ஆகாது. கம்சிங் என்று எங்கள் எழுத்தில் எழுதும்போது, கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ஹ உட்பட, இரண்டும் வருகின்றன. இத்தனை காலம் உயிரோடு இருந்ததே அதிசயம். புதுப் பெயர், தனபத். செல்வமும் நலமும் உடையவன் என்று பொருள். அண்ணன் அன்றே மாவட்ட அலுவலகத்தில் காரியத்தை முடித்துக் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் சுக் என்ற சொல்லும் ச வரிசையில்தான் இருக்கிறது. அப்படியானால் வெந்ததும் பழுத்ததும் மனநிறைவும் அவருக்கு ஆகாது. இதைப் பிக்குவிடம் யாரும் கேட்கவில்லை.

மாத்திரை வந்தது. உறையில் கம்சிங் என்று அச்சாகியிருந்தது. அக்கா தண்ணீரோடு கொண்டுபோய் நீட்டினார். கணவர் உறையை வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"இது யாரோ கம்சிங்குக்குப்பா. நான் தனபத்."

"விளையாடாத. தின்னு."

"உறையில உன் பேரு இல்லேன்னா தொடாதேன்னு நாலு மாவட்டத்துல மைக்கு போட்டுச் சொன்னது யாரு? கேட்டு நடக்குறவன் நான் ஒருத்தன்தான். என்னையும் கெடுக்காத."

மறுநாள் காலை இதை அக்கா என் அறையில் நின்று சொன்னபோது அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மருந்துக் கவுண்டருக்குப் போனார். அங்கே இருந்த பெண், பெயரை மாற்ற ஆள் நேரில் வர வேண்டும் என்றாள். கணவரிடம் வந்து சொன்னதற்கு, யாரை வரச் சொல்கிறார்கள், கம்சிங்கைத்தானே, அவன்தான் இல்லையே என்றார். திரும்பக் கவுண்டர். அங்கே, ஆய்வில் சேரும்போது கையெழுத்துப் போட்டது கம்சிங், மருந்து வாங்குவது தனபத் என்றால் கையெழுத்தில்லாத ஆளுக்கு ஆய்வு மருந்து கொடுத்ததாகிவிடும், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிக்குழுவைக் கேட்க வேண்டும் என்றாள். நெறிக்குழு மாதம் ஒரு முறைதான் கூடும். ஆயிரம் பேரின் பெயர் மாற்றத்தைத் துரத்தித் துரத்திப் பதிவு செய்த கை தன் வீட்டு ஆளுக்கு ஒரு உறையை மாற்ற முடியாமல் நின்றது. கடைசியில் அக்கா கணவரின் சட்டைப் பையிலிருந்து புது அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்குள் உறையில் தனபத் என்று அச்சானது. கவுண்டர் பெண் விதியில் ஏதோ வழி கண்டாளா, ரபியாப் அக்காவைக் கண்டு பயந்தாளா என்பதை நான் விசாரிக்கவில்லை.

இதற்குள் முதல் மழை விழுந்து, நாற்றங்காலில் விதைத்துவிட்டார்கள்.

புது உறையைப் பார்த்த கணவர் அசரவில்லை. மாத்திரை தனபத்துக்கு, சரி. ஆனால் கறை கம்சிங்கின் கறை. தனபத்தின் ஈரலை யார் வெட்டிப் பார்த்தார்கள்? அக்கா நேராக என்னிடம் வந்து, முடிவுத்தாளைப் புதுப் பெயரில் அச்சிட்டுத் தரச் சொன்னார். செய்து கொடுத்தேன். இதற்கும் ஒரு விதி இருந்திருக்க வேண்டும். அதைத் தேடிப் பார்க்காமல் இருப்பதில் நான் கவனமாக இருந்தேன். கணவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, புரதத்தின் பெயரில் விரலை வைத்தாராம். "எஸ். பாத்தியா? ச எழுத்து. எனக்கு ஆகாதுன்னு சாமி அன்னைக்கே சொன்னாரு. பேரை மாத்துனது நல்லதாப் போச்சு."

அக்கா கோயிலுக்குப் போனார். அதுவரை அவர் ஒரு பிக்குவிடமும் குரல் உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. மூன்று முறை விழுந்து வணங்கிவிட்டு, மரியாதை குறையாமல், நீங்கள் என் வீட்டுக்காரரைக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்றார். பிக்கு வருத்தப்பட்டார். பெயரை மாற்றச் சொன்னேனே தவிர மருந்தை நிறுத்தச் சொல்லவில்லையே, நானே இரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பையைத் திறந்து காட்டினார். அதில் ஒரு உறையில் வேறு ஒரு பிக்குவின் பெயர் இருந்தது. அக்கா அதற்கும் ஒரு உபதேசம் செய்துவிட்டு வந்தார்.

நாற்றைப் பறித்தார்கள். நடவு தொடங்கியது. கணவருக்கு வயலில் இறங்கும் பலம் இல்லை. வரப்பில் உட்கார்ந்து நடுகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். குண்டன் என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது, ஆள்தான் பாதியாகியிருந்தார். பிரிக்காத மாத்திரை உறை வீட்டு ஆணியில் தொங்கியது. மூன்றாம் மாடியில் ரபியாப் அக்கா எதைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். கோப்பு அடுக்கும் பையனை விட்டுவிட்டுக் கோப்போடு சண்டை போட்டார். என்னிடம் ஒரு நாள், கறை இரண்டாக இருந்திருக்கலாம் இல்லையா டாக்டர் என்று கேட்டார். இருந்திருக்கலாம் என்றேன். அப்படியானால் மாத்திரை வேண்டாமா என்றார். இல்லை, வேண்டும் என்றேன். அப்புறம் எதற்கு நிறத்தைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நல்லவேளை. நூறு பேரை நிறுத்தினால் கெட்ட கறை உள்ளவர்களில் அதிகம் பேர் முந்திப் போவார்கள் என்று எங்களால் சொல்ல முடியும். ஒரு குண்டனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இனி வருவதை இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். அவர்கள் விஷயத்தில் முதல் முறையாக இரண்டும் ஒரே கதையாக இருந்தது.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு, வேகவைத்த மீன், கீரைச் சாறு. மேற்கே இன்னும் இரண்டு வயல்தான் நடவு பாக்கி. மாத்திரை பற்றிப் பேசிப் பேசி அலுத்துப்போன அக்கா, வேறு ஏதாவது பேச வேண்டுமே என்று, யோசிக்காமல் கேட்டிருக்கிறார்.

"சோறு ருசிக்குதா?"

அவர் கையில் உருட்டி வைத்திருந்த சோற்றைக் கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

"என்னையும் போன்ல சேத்துட்டியா, மைக்கு?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். வார இறுதியில் வேலை முடியாமல் அக்கா வீட்டிலிருந்தும் போன் செய்வதுண்டு. அவர் முற்றத்தில் வலை தைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கேள்வி, பிறகு ஒரு மௌனம், பிறகு எந்தக் கோயில். எத்தனை வருடம். கட்டிலில் கருவி நின்ற அன்றே அவர் முடிவு செய்துவிட்டாராம், அந்தக் கேள்வி தன்னைத் தேடி வரக் கூடாது என்று.

"நீ கம்சிங் இருக்காரான்னு கேப்ப. அப்படி யாரும் இல்லன்னு சொல்லிடலாம்ல. அதுக்குத்தான் அண்ணன் கூப்பிட்டதும் போனேன். மாத்திரையைத் தின்னா நானும் உன் ஆளுங்கள்ல ஒருத்தன்னு ஆயிடும்."

ரபியாப் அக்கா என்னிடம் சொன்னபோது இந்த இடத்தில் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே மருத்துவமனை வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று முறை பெயர் மாற்றியவரும், எண் மாற்றிய நூற்றுக்கணக்கானவர்களும் ஒழுங்கில்லாத ஜனங்கள் என்று இத்தனை வருடம் திட்டியிருக்கிறார். அவர்கள் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறார்கள். ஒளிந்துகொண்டிருக்கிறார்கள், அவரிடமிருந்து. நோயிடமிருந்து ஒளிய வழி இல்லை என்று தெரிந்தவர்கள், போனிடமிருந்தாவது ஒளிவோம் என்று போயிருக்கிறார்கள்.

அந்த மாலையில் அக்கா இதை யோசித்துக்கொண்டிருக்கவில்லை. அழவும் இல்லை. அவருக்கு எரிச்சல் உச்சத்துக்குப் போய்விட்டது. எழுந்துபோய் ஆணியிலிருந்து உறையை எடுத்து வந்து சோற்றுக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எந்தப் பேருல வேணா போயி ஒளிஞ்சுக்க. இன்னும் பத்துப் பேரு வச்சுக்க, நான் தேட மாட்டேன். ஆனா மாத்திரையைத் தின்னுட்டு ஒளி. தின்னாம ஒளிஞ்சா எனக்குத் தேட ஆளே இருக்காது, அதை யோசிச்சியா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மௌனத்தை அளப்பதில் அக்கா தேர்ந்தவர். இது எந்த வகை என்று அவருக்கே தெரியவில்லையாம்.

"அந்தக் கேள்விய இனி கேக்கக் கூடாது."

"கேக்கல."

"எங்கிட்ட மட்டும் இல்ல. யாருகிட்டயும்."

"அது என் வேலைடா."

"வேற ஏதாவது கேளு. கேக்குறதுக்கா உங்கிட்ட பஞ்சம்?"

இப்படியாக, இரண்டு வயல் நடவு பாக்கி இருக்கையில், தனபத் என்று எழுதிய உறையிலிருந்து கம்சிங்கின் புரதத்துக்கான முதல் மாத்திரை குண்டனின் வயிற்றுக்குள் போனது.

மறுநாள் அக்கா, போனில் கேட்கப் புதுக் கேள்வி ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்தார். நானும் சக மருத்துவரும் உட்கார்ந்து யோசித்தோம். நாங்கள் சொன்ன எல்லாவற்றிலும் மரணம் முன்வாசலிலேயே நின்றது. அக்கா அலுத்துப்போய், நடவு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கத் தொடங்கினார். மறுமுனையில் எல்லாரும் பேசினார்கள். மழையைப் பற்றி, டிராக்டர் வாடகையைப் பற்றி, ஓடிப்போன மருமகனைப் பற்றி. எங்கோ நடுவில், இந்த வருஷம் அவர் இல்லாததால் ஆள் வைத்து நட்டோம் என்று ஒரு வரி தானாக வரும். ஒரு அழைப்புக்கு ஆகும் நேரம் மூன்று மடங்கானது. அலுவலகத்திலிருந்து, தொலைபேசியை ஏன் இவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். அக்கா அவர்களையும் நடவு எப்படி என்று கேட்டு அனுப்பினார். அறுவடைக்குப் பிறகு என்ன கேட்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

மாத்திரை தன் வேலையைக் காட்டியது. உள்ளங்கை சிவந்து, விரல் நுனியில் தோல் உரிந்தது. எதிர்பார்த்ததுதான், களிம்பு கொடுத்தோம். ஆனால் மிளகாயைத் தொட முடியவில்லை, எலுமிச்சை பட்டால் உயிர் போகிறது, கத்தி பிடிக்க முடியவில்லை. நாலு ஊர் புகழ்ந்த கை கோய் பிளா பிசைய முடியாமல் போயிற்று. இருபது வருட மைக் சாதிக்காததை ஒரு பக்கவிளைவு சாதித்துவிட்டது. நண்பர்கள் வயல் குடிசையில் தாங்களே பிசைந்து பார்த்து, ருசி வரவில்லை என்று மீனை வேகவைத்துத் தின்றதாகக் கேள்வி. இதை வெற்றி என்று எழுதலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம், கை ஆறிவிடும் என்றேன்.

ஆய்வின் விதிப்படி ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போன் செய்ய வேண்டும். வீட்டிலேயே தினம் பார்க்கிற கணவனுக்கு விலக்கு உண்டா என்று விதியில் இல்லை. போன வாரம் முறை வந்தது. காலையில் வீட்டிலிருந்து ஒன்றாகச் சாப்பிட்டுக் கிளம்பிய ரபியாப் அக்கா மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, தன் வீட்டு எண்ணைத் தானே போட்டார். என் கதவு திறந்திருந்தது, ஒலிபெருக்கியில் வந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"தனபத் இருக்காரா?"

"இல்லீங்களே. வயலுக்குப் போயிருக்காரு. நீங்க யாரு?"

"ரபியாப். மருத்துவமனையிலேர்ந்து."

"ஓ, அந்த மைக்கு அம்மாவா. என்ன விஷயம்?"

அக்கா கண்ணை மூடித் திறந்தார். "நடவு முடிஞ்சுதான்னு கேக்கணும்."

"எப்பவோ முடிஞ்சுதே. கதிர் வர்ற நேரத்துல நடவைக் கேக்குறீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ போன் பண்ணா இப்படித்தான். சாயங்காலம் வாங்க, நேர்ல சொல்லச் சொல்றேன். வரும்போது களிம்பு வாங்கிட்டு வாங்க."

அக்கா போனை வைத்தார். வைத்த வேகத்தில் மேசையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டே, இந்த ஆளைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது டாக்டர் என்று கேட்டார். உயிரோடு இருக்கிறார் என்ற கட்டத்தில் என்றேன்.

"அது தெரியும். இந்த வாய்க்கு ஒரு கட்டம் இல்லையான்னு கேட்டேன்."